உடையவர் நீங்கிய உடைமை: ஆறாம் வேற்றுமையும் ஒரு குடும்பப் பட்டியலும்

0. முன்னுரை

தமிழில் உடைமையை உணர்த்தும் தொடரமைப்புகள் பல. அவற்றுள் எவை உடையவர் இறந்த பின்னும் வழுவின்றி நிற்கின்றன, எவை அவரோடு நின்றுவிடுகின்றன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. உடைமைக்கு இலக்கண நூல்களும் உரைகளும் தரும் எடுத்துக்காட்டுகளில் உடையவனும் உடைமையும் ஒருங்கே இருப்பதாகக் கொள்வதே இயல்பு. இரண்டில் ஒன்று நீங்கினால் தொடர் என்னாகும் என்று கேட்கும் தேவை இலக்கணிக்கு எளிதில் எழுவதில்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் அத்தேவை எல்லார்க்கும் எழுகிறது.

இங்கு ஆராயப்படும் தரவு மிகச் சிறியது. மும்பையின் கிழக்குப் பகுதியில், செம்பூரை அடுத்த அணுசக்தி நகர்க் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், தன் மூத்தவர் இறந்தபின் எழுதிய பொருட்பட்டியலும், அது எழுதப்பட்ட நாள்களில் வீட்டில் நிகழ்ந்த பேச்சுமே அத்தரவு. அம்மூத்தவர் இக்கட்டுரையாளரின் தந்தையார். தகவலாளியும் ஆய்வாளரும் ஒருவரே ஆகும்போது நேரும் இடர்ப்பாடுகள் நன்கறியப்பட்டவை. ஒரு குடும்பத்தின் பேச்சைக்கொண்டு மொழிக்குப் பொதுவிதி கூறுதலும் ஏலாது. எனினும் இத்தகைய பேச்சை வேற்றார் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து சேகரித்தல் அரிது என்பது கருதத்தக்கது.

1. குடியிருப்பும் பட்டியலும்

டிராம்பேயில் 1954இல் தொடங்கப்பெற்ற அணுசக்தி நிலையம், ஹோமி பாபா மறைந்த மறு ஆண்டாகிய 1967இல் அவர் பெயரால் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஆயிற்று. அதன் பணியாளர்க்கென எழுந்த அணுசக்தி நகரில் பல மாநிலத்தாரும் அடுத்தடுத்த கதவுகளில் குடியிருக்கின்றனர். படிக்கட்டில் இந்தி, காய்கறிக்காரரிடம் மராத்தி, கதவுக்குள் அவரவர் மொழி என்பது அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு இயல்பான பகுப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பணிக்கு வந்த தந்தையார், ஓய்வுபெற்ற பின் அதே துறையில் சேர்ந்த இளைய மகனின் ஒதுக்கீட்டு வீட்டில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டு மகனுக்குக் கல்பாக்கத்திற்கு மாற்றம் வந்தது. வீட்டைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. பட்டியல் அதனால் பிறந்தது.

‘எங்க வீடு’ என்று நாற்பது ஆண்டுகள் சொல்லப்பட்ட அவ்வீடுகளுள் ஒன்றேனும் எங்களுடையது அன்று. ஒப்படைக்கும் நாளில் மின்விசிறிகளும் விளக்குப் பொருத்திகளும் எண்ணிச் சரிபார்க்கப்படும். ஆகவே எது அலுவலகத்தது, எது வீட்டாரது என்னும் பகுப்பு எங்கள் பட்டியலுக்கு முன்பே நடைபெற்றது. அப்பகுப்பு தந்தையாரின் உடல்வரை சென்றிருந்தது என்பது பின்னரே உறைத்தது. கதிரியக்கப் பகுதியில் வேலை செய்வோர் மார்பில் ஒரு சிறு வில்லை அணிவர். ‘பேட்ஜ்’ என்பதே வீட்டிலும் அதற்குப் பெயர். உடல் பெற்ற கதிரியக்கத்தின் அளவை அறிய உதவும் அவ்வில்லை, குறித்த காலத்துக்கு ஒருமுறை திருப்பித் தரப்பட வேண்டியது. அது காட்டும் அளவு பதிவேட்டில் ஏறும். ஒரு மனிதரின் நெஞ்சோடு அத்தனை ஆண்டுகள் கிடந்த பொருள்களுள் ஒன்றும் வீட்டில் எஞ்சவில்லை. அது அவரிடம் இருந்தது. அவருடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. தமிழ் இவ்விரண்டையும் எவ்வளவு தெளிவாகப் பிரிக்கிறது என்பதை அடுத்துக் காணலாம்.

2. காலம் காட்டும் உடைமையும் காலம் காட்டாத உடைமையும்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் ஆற்றும் பணியைத் தமிழில் வேற்றுமைகள் பகிர்ந்துகொள்கின்றன என்பது மொழியியலார் நன்கறிந்ததே. பட்டியல் எழுதப்பட்ட நாள்களின் பேச்சிலிருந்து நான்கு தொடர்கள்:

(1) அப்பாகிட்ட ஒரு பேனா இருக்கு.
(2) அப்பாவுக்கு மூணு பிள்ளைங்க.
(3) இது அப்பாவோட பேனா.
(4) இது அப்பா பேனா.

இவற்றுள் (1) இடப்பொருளது. பொருள் ஒருவரிடத்தில் இருப்பதை மட்டுமே அது கூறும். பொருள் அவருக்கு உரியதா என்பதைக் கூறாது. உடையவர் இறந்தால் முதலில் வழுவாவது இதுவே. இதன் வினையை இறந்தகாலம் ஆக்கி ‘அப்பாகிட்ட ஒரு பேனா இருந்துச்சு’ என்றால் வழு நீங்கும். ஆயின் புதிதாக ஓர் இடர் தோன்றும். கேட்பவர் பேனாவும் இப்போது இல்லை என்று கொள்வார். காலம் காட்டும் வினை பேனாவின் இருப்பைத் தாங்கி நிற்பதால், தந்தையாரின் இன்மையைச் சொல்லப்போய்ப் பேனாவையும் இழக்க நேர்கிறது. பேனாவோ மேசைமேல் கிடக்கிறது. பட்டியல் எழுதிய இளைய தங்கை இத்தொடரைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, ‘அப்பா வச்சிருந்த பேனா, இப்ப இங்கதான் இருக்கு’ என்று இரண்டாக உடைத்துச் சொன்னாள்.

(2) நான்காம் வேற்றுமை. இது இறப்பால் சிறிதும் பாதிக்கப்படவில்லை. ‘அப்பாவுக்கு மூணு பிள்ளைங்க’ என்பது அவர் இருந்தபோதும் சரி, இப்போதும் சரி. ‘அப்பாவுக்கு ஒரு சைக்கிள் இருக்கு’ என்பதை அவ்வாறு சொல்ல இயலாது. இவ்வேறுபாட்டின் வேர் மிகப் பழையது. உயர்திணைப் பெயர் உடைமையாக வரும் ஆறாம் வேற்றுமைத் தொகையை விரிக்குமிடத்து ‘அது’ என்னும் உருபு நீங்கிக் ‘கு’ வரும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நம்பிமகன் என்பதை நம்பிக்கு மகன் என விரிக்க வேண்டுமேயன்றி நம்பியது மகன் என விரித்தல் ஆகாது. மகன் ஒருவனுடைய பொருள் அல்லன் என்பது அவ்விதியின் உட்கிடை. உறவு கைவசம் இருப்பதன்று. ஆதலால் கை நீங்கியபின்னும் அது குலைவதில்லை. பொருளைக் ‘கு’ உருபால் கூறும் தொடர் ஒன்றும் எங்கள் வீட்டில் இறப்புக்குப் பின் தொடர்ந்து வழங்கியது. ஆண்டுத் திதியன்று ‘இது அப்பாவுக்கு’ என்று முதல் வடையை எடுத்து வைப்பார் அம்மா. கொடைப்பொருளில் வரும் நான்காம் வேற்றுமை, ஏற்பவர் உயிருடன் இருத்தல் வேண்டும் என்று கேட்பதில்லை. அவ்வாறே, ‘அப்பாவுக்கு வடை ரொம்பப் பிடிக்கும்’ என்பதில் உள்ள செய்யும் என்னும் வாய்பாட்டு முற்றையும் வீட்டில் எவரும் இறந்தகாலம் ஆக்கவில்லை; ஆக்க இடமும் இல்லை.

(3) இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. எழுத்துவழக்கில் ‘அப்பாவுடைய பேனா’ என நிற்கும் இத்தொடரில் ‘உடைய’ என்பதைச் சொல்லுருபு என்று கூறி நாம் கடந்துவிடுகிறோம். அது உருபாகுமுன் குறிப்புப் பெயரெச்சம். குறிப்புவினையும் அதன் எச்சமும் காலத்தை வெளிப்படையாகக் காட்டா என்பது இலக்கண மாணவன் முதலில் பயிலும் செய்திகளுள் ஒன்று. அப்பா உடைய பேனா: உடைத்திருந்த பேனாவும் அன்று, உடைத்திருக்கிற பேனாவும் அன்று. ‘வைத்திருந்த’, ‘வாங்கிய’, ‘எழுதிய’ என்னும் தெரிநிலைப் பெயரெச்சங்கள் எல்லாம் பேசுபவரை ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்கும்படி வற்புறுத்த, ‘உடைய’ அவ்வற்புறுத்தலினின்று விடுவிக்கிறது. பட்டியலில் தங்கையும் தம்பியும் சொன்ன வரிகளில் பெரும்பாலானவை இவ்வுருபையே கொண்டிருந்தன. பேச்சில் அது ‘ஓட’ ஆகி, ‘அப்பாவோட கடைக்குப் போனேன்’ என்னும் உடனிகழ்ச்சி உருபோடு வடிவில் ஒன்றிவிடுகிறது. இவ்வொருமை வரலாற்றால் வந்ததா, ஒலித்தேய்வால் நேர்ந்ததா என்பது வேறு ஆய்வு. பட்டியல் எழுதியவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன என்பதை மட்டும் இங்குக் குறிக்கலாம்.

இங்கே ஒரு சிறு சிக்கலையும் சொல்ல வேண்டும். நன்னூலார் ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பகுத்து, உறுப்பையும் பண்பையும் முன்னதிலும், முருகனது வேல் போன்ற வேறான பொருளைப் பின்னதிலும் அடக்குவார். மூக்குக்கண்ணாடி பிறிதின்கிழமை என்பதில் ஐயமில்லை. நீங்கக்கூடியது, மற்றவர் அணியக்கூடியது. ஆனால் மூக்கில் தழும்பு பதித்திருந்த கண்ணாடியை எங்கள் வீட்டில் எவரும் அணிந்து பார்க்கத் துணியவில்லை. பல்செட்டை என்ன செய்வது என்பதில் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று கருத்து இருந்தது. ஒரு குவளையில் கிடந்த அதை உறுப்பென்று சொல்வதா, பொருளென்று சொல்வதா? அம்மா அதைப் பட்டியலில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டியலில் இடம்பெறாதது எதுவோ அதுவே தற்கிழமை என்னும் புதுவிதி ஒன்றை அன்று அவர் வகுத்தார் எனலாம்.

(1)ஆம் தொடருக்குத் திரும்புவோம். தம்பியின் மகள் அப்போது ஆறு வயதினள். பள்ளிக்குச் சிவப்புப் பேனா வேண்டும் என்று தேடியவள்,

(5) தாத்தாகிட்ட ஒரு சிவப்புப் பேனா இருக்கு

என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் சென்றாள். தாத்தா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அவளுக்கும் அது தெரியும். இலக்கணத்தால் இத்தொடரின் முன் வழுக்குறியாகிய உடுவை இடுதல் வேண்டும். வீட்டிலிருந்த ஐவரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்; மற்ற நேரங்களில் குழந்தையின் மும்பைத் தமிழை வரிக்கு வரி திருத்துவோர். அன்று ஒருவரும் திருத்தவில்லை. ஏற்புடைமையைத் தாய்மொழியாளரின் தீர்ப்பால் அறிகிறோம் என்றால், அன்றைய தீர்ப்பு எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேலே அவ்வெடுத்துக்காட்டின் முன் உடு இடப்படாமைக்குக் காரணம் அச்சுப்பிழை அன்று.

3. பெயர் பொறித்தல்

தங்கையும் தம்பியும் ‘ஓட’ சேர்த்துச் சொன்னவற்றை அம்மா உருபின்றியே சொன்னார்: அப்பா செம்பு, அப்பா கும்பா, ஆச்சி சருவம், பெரியப்பா தூக்குவாளி. இவை (4) போன்ற தொகைகள். திருநெல்வேலிப் பக்கத்து மூத்த பெண்டிர் பேச்சில் இத்தொகை மிகுதி. தொகையின் இயல்பு உருபை மட்டுமன்று, உறவின் வகையையும் மறைத்தல். ‘பெரியப்பா தூக்குவாளி’ என்பது பெரியப்பாவுடைய தூக்குவாளியா, பெரியப்பா தந்த தூக்குவாளியா? பின்னது உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பாடம் சொல்லிவிடலாம். ஆனால் அத்தூக்குவாளி யாருக்குச் சேரும் என்பது அன்று பாடமாக இல்லை. அதன் வாய்விளிம்பின் கீழே பெரியப்பாவின் பெயரெழுத்துகள் புள்ளிப்புள்ளியாக வெட்டப்பட்டிருந்தன. ஊரிலிருந்த அவர் மகன், தம் தந்தையின் நினைவாக வீட்டில் ஒன்றும் இல்லை என்றும், சித்தப்பா பம்பாய்க்குக் கொண்டுபோன தூக்குவாளி இருந்தால் வேண்டும் என்றும் முன்பே கேட்டிருந்தார். தங்கை, பெயர் இருப்பதால் அது பெரியப்பாவுடையதே, தந்துவிட வேண்டும் என்றாள். தம்பி, அது கொடுத்தவர் பெயர், வாங்கிக்கொண்டவரே உடையவர், முப்பத்தைந்து ஆண்டுகள் அதில் சோறு கொண்டுபோனவர் அப்பா என்றான். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கத்தில் இரண்டும் உண்டு. வீட்டுப் பாத்திரத்தில் உடையவர் பெயரும், சீராகவும் மொய்யாகவும் வந்ததில் கொடுத்தவர் பெயரும் இருக்கும். எழுத்து ஒன்றே, வேற்றுமை வேறு.

இச்சிக்கல் எங்கள் வீட்டில் தோன்றியதன்று. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குலோங் தோம் என்னுமிடத்துக் கோயில் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு உரைகல் உள்ளது. கி.பி. 3-4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என மதிக்கப்படும் அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் இரு சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பெரும்பத்தன் கல் எனப் படிப்பர். பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். கடல்கடந்து சென்ற ஒரு தட்டான் தன் தொழிற்கருவியில் தன் பெயரைப் பொறித்தான், அல்லது பிறர் பொறித்தனர். அத்தொடரில் உருபில்லை, வினையில்லை, காலமில்லை. பெரும்பத்தன் இறந்து பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியும் அத்தொடர் ஒரு துளியும் பொய்யாகவில்லை. ‘பெரும்பத்தனிடம் ஒரு கல் இருக்கிறது’ என அவன் எழுதியிருப்பின் அது அவன் வாழ்நாளிலேயே, கல் கைதவறிய அன்றே, பொய்யாகியிருக்கும்.

தொல்லியல் தரும் பிற சான்றுகளில் தொகையின் முதற்சொல் மட்டுமே நிற்கிறது. கீழடி ஓடுகளில் ‘ஆதன்’ என்றும், எகிப்தின் செங்கடற்கரைத் துறையாகிய குசைர் அல்-கதீமில் கிடைத்த ஓடுகளில் ‘கணன்’, ‘சாதன்’ என்றும் பெயர்கள் எழுவாய் வடிவிலேயே உள்ளன. இவற்றை முற்றுப்பெறாத தொடர்கள் எனக் கொள்வதைவிட, இரண்டாம் சொல் பானையே என்று கொள்வது பொருந்தும் என்பது கட்டுரையாளரின் கருத்து. பெயரை எழுதுபவன் ‘பானை’ என்னும் சொல்லை எழுதத் தேவையில்லை. அவன் அதன்மேல்தான் எழுதுகிறான். ஆயின் இங்கும் பெயர் உடையவனதா, ஆக்கியவனதா, அளித்தவனதா என்பதைத் தனிப்பெயர் ஒன்று சொல்லாது. தூக்குவாளி வழக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று தங்கையிடம் சொன்னபோது அவள் அதை ஆறுதலாகக் கொள்ளவில்லை.

பெயரே இல்லாத பொருள் என்னாகும் என்பதற்கு அணுசக்தி நகரத்தார் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைக்கலாம். 1966 ஜனவரி 24 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ‘கஞ்சன்ஜங்கா’ ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில் மோதி, ஹோமி பாபா உட்பட 117 பேரும் இறந்தனர். பனியாறு நகர நகர அவர்களோடு சென்றவை இன்றும் வெளிப்படுகின்றன. 2012இல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால்பை ஒன்று கிடைத்தது. 2020இல், இந்திரா காந்தி பிரதமராவதைத் தலைப்பிட்ட அக்கால இந்திய நாளிதழ்கள் கிடைத்தன. 2013இல் மலையேறி ஒருவர் மரகதமும் நீலமும் மாணிக்கமும் அடங்கிய ஒரு பெட்டியைக் கண்டெடுத்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். இவ்விமானத்தது எனக் கருதப்பட்ட அப்பெட்டிக்கு உரியவர் அறியப்படாமையால், 2021இல் கற்கள் அவருக்கும் சமோனி நகராட்சிக்குமாகப் பகுக்கப்பட்டன. தபால்பைக்கு அதன்மேல் எழுதியிருந்த எழுத்தே ஆறாம் வேற்றுமை ஆயிற்று. பெட்டிக்கு அது வாய்க்கவில்லை.

4. பெயர்ப்பில் நேர்வன

பட்டியலின் படி ஒன்று அமெரிக்காவில் வளர்ந்த உறவினர் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும், உதவிக்கு வந்த அண்டைவீட்டாருக்காக மராத்தியிலும் தேவைப்பட்டது. இரண்டையும் செய்தபோது கண்டவை மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படலாம்.

மராத்தியில் ஆறாம் வேற்றுமை உருபு உடைமைப் பொருளின் பாலுக்கேற்பத் திரியும். ‘பாபாஞ்சா பேலா’ என்று குவளைக்கும், ‘பாபாஞ்சி பேட்டி’ என்று பெட்டிக்கும், ‘பாபாஞ்ச கட்யாள்’ என்று கடிகாரத்துக்கும் உருபு வேறுபடும். உருபு தந்தையை விட்டுப் பொருளோடு இயைகிறது. இதனை நாம் அயல்மரபு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒருமைக்கு ‘அது, ஆது’ என்றும் பன்மைக்கு ‘அ’ என்றும் நன்னூல் கூறும் உருபுகளும் உடைமையின் எண்ணோடு இயைவனவே: தனது கை, தன கைகள். நம் ஆறாம் வேற்றுமையும் ஒருகாலத்தில் பொருளைச் சுட்டி ‘அது’ என்று விரல்நீட்டியதே.

ஆங்கிலத்தில் நேர்ந்த சிக்கல் வேறு. இறந்தவரைக் குறிக்குமிடத்து ‘லேட்’ என்னும் அடையை இடுவது அம்மொழியின் எழுத்துவழக்கு. நம் அழைப்பிதழ்களும் மனுக்களும் அதனைக் ‘காலஞ்சென்ற’, ‘அமரர்’ எனவும், சிலபோது ‘லேட்’ எனவே தமிழெழுத்திலும் ஏற்றுக்கொண்டன. மராத்தியார் பெயருக்கு முன் ‘கை.’ என்று சுருக்கி இடுவர். ஆனால் வீட்டுத் தமிழில் உறவுப்பெயருக்கு முன் இத்தகைய அடை வருவதில்லை. ‘காலஞ்சென்ற அப்பா கும்பா’ என்று பெற்ற பிள்ளை சொன்னால் அது மனுவாகிவிடும். மூலத்தில் இல்லாத இவ்வடையை ஒவ்வொரு வரியிலும் சேர்ப்பவர், மூலத்தார் சொல்லாமல் விட்டதை அறுபது முறை சொல்லியவராவார். அடையை முற்றும் விட்டேன். பெற்றுக்கொண்ட பிள்ளைகளுள் ஒருவன், பெரியவர் எப்போது கல்பாக்கம் வருகிறார் என்று கேட்டான். பிழை யாருடையது என்று இன்னும் துணிய முடியவில்லை.

எவ்வகையிலும் பெயர்க்க இயலாதது அம்மாவின் சுட்டு. எங்களிடம் பேசும்போது அவர் தம் கணவரை ‘அப்பா’ என்றே குறிப்பார். பிள்ளைகளின் நிலையில் நின்று வழங்கும் இவ்வழக்கு பரவலாக அறியப்பட்டது. தம் தங்கையிடம் பேசும்போது ‘இவுக’ என்பார். கணவர் அலுவலகத்தில் இருந்தாலும் ஊருக்குப் போயிருந்தாலும் ‘இவுக’ தான். அண்மைச்சுட்டு இங்கே இடத்தைப் பற்றியதன்று. இறந்த பின்னும் சில மாதங்கள் ‘இவுக வேட்டி’, ‘இவுக செருப்பு’ என்றே வழங்கினார். பட்டியல் எழுதிய நாள்களில், எந்த வரியில் என்று குறிக்க இயலவில்லை, அது ‘அவுக’ ஆகியிருந்தது. அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்ட உகரச்சுட்டு ஒன்று பழந்தமிழில் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழில் ‘உவர்’ என இன்றும் வாழ்கிறது. எங்கள் கிளைமொழி அதை இழந்துவிட்டது. ஆங்கிலப் படியில் ‘இவுக’, ‘அவுக’ இரண்டும் ஒரே சொல்லாயின.

தூக்குவாளியின் வரியை ஆங்கிலத்தில் எழுதும்போது உடையவரா, கொடுத்தவரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருந்தது. அம்மாவைக் கேட்டேன். ‘பெரியப்பா தூக்குவாளின்னு எழுது, போதும்’ என்றார். மறுவாரம் அதைத் துணியில் சுற்றி ஊருக்கு அனுப்பச் சொன்னவரும் அவரே. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அது போய்ச்சேர்ந்த அன்று பெரியப்பா மகன் தொலைபேசியில் அம்மாவிடம் பேசினார். விளிம்பில் அவர் தந்தையின் எழுத்துகள் அப்படியே இருந்தன. அவர் சொன்ன தொடர்:

(6) சித்தி, சித்தப்பா தூக்குவாளி பத்திரமா வந்து சேந்துட்டு.